மூத்தாரின் பெயர்

சிறை, மூன்றாம் கொட்டடி
பிப்ரவரி 11, 2017

ஜூரா,

இரண்டரை வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. சித்தப்பா மகளாயிற்றே, ஒரு தடவையாவது வந்து பார்ப்பாய் என்று முதல் குளிர்காலம் முழுக்க எதிர்பார்த்தேன். பிறகு அந்த நினைப்பையே விட்டுவிட்டேன். இப்போது எழுத விஷயம் கிடைத்திருக்கிறது.

போன வாரம் சல்தானத் என்று ஒரு வக்கீலம்மா வந்தாள். என்னைப் போன்றவர்களுக்குக் காசு வாங்காமல் வழக்கு நடத்துகிறவளாம். என் கோப்பை முழுக்க நகல் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். பதினாலாம் பக்கத்தைத் திருப்பி வைத்து, "இந்தம்மா உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். குனிந்து படித்தேன். 'செத்துப்போன காவலாளி மிர்லானை அடித்தது யார்? போலோத்.' கீழே உன் கையெழுத்து, பள்ளிக்கூடத்தில் போட்ட மாதிரியே வாலை இழுத்து.

கோர்ட்டில் 'ஒரு சாட்சி' என்றுதான் படித்தார்கள். யாரோ போலீஸ்காரன் தானாக எழுதிக்கொண்டான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நினைத்து நினைத்து அவன் முகத்தைக்கூட மனதில் வரைந்து வைத்திருந்தேன். அந்த முகம் உன்னுடையது என்று தெரிய இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

அந்த ஆகஸ்டை நான் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டுமா? நம் மேய்ச்சல் நிலத்தைத் தோண்டித் தங்கம் எடுக்க வேண்டாம் என்று ஊரே திரண்டு கம்பெனி முகாமுக்கு ஏறிப் போனோம். மிர்லான் மிரண்டுபோய் என் குதிரையைச் சுட்டான். அது முன்னங்கால் மடிந்து விழுந்து, எழப் பார்த்து, மறுபடி விழுந்தது. உன் புருஷனின் அண்ணன், உன் மூத்தார் தெமிர், வேலிக்கு நட்டிருந்த இரும்புக் குழாயைப் பிடுங்கி மிர்லானின் பொட்டில் போட்டான். ஊர் நர்ஸ் நீ, மருந்துப் பையோடு பத்தடி தூரத்தில் நின்றாய். உன் கண்ணை நான் பார்த்தேன்.

இன்று தெமிர் அதே கம்பெனிக்கு லாரி விடுகிற பெரிய மனுஷன். உன் புருஷன் சமத் அவனிடம் டிரைவர். என்னைக் கொடுத்துத்தான் அந்த வேலையை வாங்கினாயா?

நேற்று இங்கே ரொட்டி பங்கு போடுகிறவன் முகத்தில் கொதிக்கிற தேநீரை ஊற்றினார்கள். துடைத்தபோது தோல் துணியோடு வந்தது. அவன் அலறிக்கொண்டிருந்தான், நான் உன் கையெழுத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படி ஆகிவிட்டேன். பதில் எழுது. கடிதங்களைப் பிரித்துப் படிக்கிற காவலர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

போலோத்


கோக்-சாய்
மார்ச் 2, 2017

போலோத் அண்ணனுக்கு,

இந்தப் பெயரை எழுதவே கை கூசுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் உன்னைச் சொல்லவில்லை. இதை நீ நம்பாவிட்டால் மேற்கொண்டு படிக்காதே, அடுப்பில் போடு.

நான் இந்த வீட்டுக்கு வந்த மறுநாளே மாமியார் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள். "இங்க பாரும்மா, உன் மூத்தார் பேரு உன் வாயில வரக்கூடாது. அந்தச் சத்தமே வரக்கூடாது. அவன் பேரும் வாளி செய்யற உலோகத்தோட பேரும் ஒண்ணு. அதனால வாளியப் பத்திப் பேசுனாக்கூட எஃகுன்னு சொல்லிப் பழகு." பழகினேன். நம் பெண்கள் எல்லாரும் பழகுவதுதான். வாளி, அடுப்பு, கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் எனக்கு எஃகு. நம் மொழியில் எஃகுக்கு உன் பெயர். மூத்தாரைப் பற்றி அண்டை வீட்டில் பேசும்போதுகூட 'எங்க வீட்டு போலோத்' என்று சொன்னால்தான் அவர்களுக்கும் புரியும். போலீஸ் வந்து விசாரித்த அன்றைக்கே அது ஒன்பது வருஷப் பழக்கம்.

விசாரணை அதிகாரி தலைநகரத்துக்காரன். எங்கள் கூடத்தில் செருப்போடு உட்கார்ந்திருந்தான். என் பக்கத்தில் மாமியார். அந்தப் பக்கம் ஊர்த் தலைவர். "யார் அடிச்சது?" என்றான். "என் மூத்தார்" என்றேன். "முறையெல்லாம் எழுத முடியாதும்மா, பேரச் சொல்லு." நான் மாமியாரைப் பார்த்தேன். "பேரு இல்லாத ஆளா?" என்று மேசையைத் தட்டினான். மாமியார் என் தொடையைக் கிள்ளினாள். நான் "போலோத்" என்றேன். நம் ஊர்க்காரன் எவனாக இருந்தாலும் அந்த வார்த்தை யாரைக் குறிக்கிறது என்று புரிந்திருக்கும். ஊர்த் தலைவருக்குப் புரிந்தது. அவர் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். கையெழுத்துப் போடும் இடத்தை அதிகாரி விரலால் காட்டினான், போட்டேன்.

நான் உன்னைக் கொடுத்து எதையும் வாங்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், உனக்கு எரிச்சலாக இருக்கும், இருக்கட்டும். சமத் ஆறு வருஷம் மாஸ்கோவில் தெருப்பனி அள்ளினார். இப்போது வீட்டில் சாப்பிட்டு வீட்டில் தூங்குகிறார். சின்னவள் அவரைப் பார்த்து 'இந்த ஆள் யாரு' என்று கேட்பதில்லை. நீ வேண்டாம் என்ற சுரங்கம்தான் அறுபது வீட்டில் உலை வைக்கிறது. என்னை விட்டுவிடு அண்ணா.

ஜூரா


சிறை
மார்ச் 20, 2017

ஜூரா,

படித்துவிட்டுச் சிரித்தேன். பக்கத்துக் கட்டில்காரன் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நகர்ந்து படுத்தான். அவனுக்கும் சொன்னேன். அவன் நகரத்துக்காரன், முதலில் புரியவில்லை. தெமிர் என்றால் இரும்பு, போலோத் என்றால் எஃகு, என் தங்கை இரும்பை வாயால் சொல்லமாட்டாள், அதனால் எஃகு உள்ளே இருக்கிறது என்று விளக்கினேன். அவனும் சிரித்தான். பிறகு, "உங்க ஊருப் பொம்பளைங்களுக்குப் பேரு எதுக்கு, ஆட்டுக்குப் போடற மாதிரி எண் போட்டு வெச்சிரலாம்" என்றான். அதற்கு அவன் மூக்கை உடைத்தேன். ஐந்து நாள் தனிக் கொட்டடி. உன் மரியாதைக்காக இன்னும் அடி வாங்குகிறேன், பார்த்துக்கொள்.

சரி, வாய் தவறிவிட்டது. அதற்கப்புறம்? வழக்கு ஏழு மாதம் நடந்தது. பதினோரு வருஷம் என்று நீதிபதி வாசித்தபோது என் அம்மா தரையில் விழுந்தாள். அவளைத் தூக்கி உட்கார வைத்து மூக்கில் மருந்து காட்டியது நீதான். அப்போதும் வாய் திறக்கவில்லை. எழுதிக்கொண்டதை உனக்குப் படித்துக் காட்டவில்லையா? கேட்கிறேன், பதில் சொல்.

மேல் கோர்ட்டு வழக்கைத் திறந்திருக்கிறது. வக்கீலம்மா உன்னைத் தேடி வருவாள். அவளிடம் ஒரே ஒரு பெயரைச் சொல். ஒரு சின்னச் சொல். அதைச் சொன்னால் உன் நாக்கு அறுந்து விழாது. இங்கே ஒருவனுக்கு நாக்கை அறுத்ததைப் பார்த்திருக்கிறேன், அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அறுபது வீட்டு உலையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே. நான் சுரங்கம் வேண்டாம் என்றது ஊர் பட்டினி கிடக்கட்டும் என்றல்ல. மலையின் பனி போனால் திரும்ப வராது என்றேன். அன்று என்னைவிடச் சத்தமாக அதைக் கத்தியவன் உன் மூத்தார்.

போலோத்


கோக்-சாய்
ஏப்ரல் 29, 2017

அண்ணா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. எழுத நேரமில்லை என்று சொல்லப் போவதில்லை. எழுத மனம் வரவில்லை.

ஊரில் ரத்தம் சிந்தாத வாரம் இல்லை. கீழ் ஊர்க்காரர்களின் ஓடை சாம்பல் நிறத்தில் ஓடுகிறது. அந்தத் தண்ணீரைக் குடித்து நாற்பது ஆடு செத்தது. கன்றுகள் முடி இல்லாமல் பிறக்கின்றன. மேய்ச்சல் நிலம் நம் ஊர்ப் பெயரில் பதிவாகியிருப்பதால் வேலை முழுக்க நமக்கு, சேறு முழுக்க அவர்களுக்கு. கம்பெனி போட்ட பள்ளிக்கூடக் கூரை நமக்கு. ரோடுகூட அவர்கள் ஊருக்கு முன்னாலேயே திரும்பிவிடுகிறது. போன செவ்வாய்க்கிழமை அவர்கள் செத்த ஆடுகளை ரோட்டில் அடுக்கி லாரிகளை மறித்தார்கள். மூத்தார் தன் ஆட்களுக்கு மண்வெட்டிப் பிடிகளைக் கொடுத்து இறக்கிவிட்டார். நான் அன்று பதினொரு மண்டைகளுக்குத் தையல் போட்டேன். மரப்பு மருந்து ஏழு பேருக்குத்தான் இருந்தது. மற்ற நாலு பேரை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தால் சமத் மண்வெட்டிப் பிடியைக் கழுவி வெயிலில் காய வைத்திருக்கிறார். நான் அதைத் தாண்டி உள்ளே போனேன்.

வக்கீலம்மா வந்தார். நல்ல மாதிரி. "நீங்க இப்பவே சொல்ல வேணாம், யோசிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மூத்தார் வந்தார். ஒரு கிடாயைக் கொண்டுவந்திருந்தார். முற்றத்திலேயே படுக்கப் போட்டுக் காலைக் கட்டினார்.

"வக்கீல் வந்தாளாமே?"

"வந்தாங்க."

"என்ன கேட்டா?"

"பேரு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"என் வாயில வராதுன்னேன்."

"நல்ல மருமக." பேசிக்கொண்டே கழுத்தை அறுத்தார். ரத்தம் வாசற்படி வரைக்கும் ஓடி வந்தது. "கம்பெனிக்காரன் ரொம்பப் பயந்தவன், ஜூரா. எம் மேல ஒரு கேசுன்னா மெஷினத் தூக்கிட்டுப் போயிருவான். அறுபது குடும்பம். உன் பிள்ளைங்களும் அதுல ரெண்டு. கறிய வெயில்ல வைக்காத, உப்புப் போடு."

நான் உப்புப் போட்டேன். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். ஏன் சொல்கிறேன் என்றால், என்னை வீரி என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பை விட்டுவிட வேண்டும்.

ஜூரா


சிறை
ஜூன் 8, 2017

ஜூரா,

இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். வலது கையின் மூன்று விரலைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்திவிட்டார்கள். சாத்தியவர்களில் ஒருவன், "உங்க ஊருல இருந்து நலம் விசாரிக்கச் சொன்னாங்க" என்றான். தெமிரின் கை இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.

அம்மா போன வாரம் வந்திருந்தாள். எங்கள் நாயைக் கொன்று வாசல் கதவில் ஆணி அடித்துத் தொங்க விட்டிருந்தார்களாம். நீ போய் இறக்கிப் புதைத்தாயாம். "ஜூரா வந்தா, தானே குழி வெட்டுனா, ஒரு வார்த்த பேசல" என்றாள். எங்கள் வீட்டுக்கு வந்ததை யாராவது பார்த்திருப்பார்கள். நீ வந்திருக்கக் கூடாது.

உன்னை அவசரப்படுத்தியது நான்தான். எழுதும்போது கோபமாக இருந்தேன். இப்போதும் கோபம்தான், ஆனால் யார் மேல் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. வழக்கு செப்டம்பர் 18. நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை. வெளியே வர ஆசையாக இருக்கிறது ஜூரா. அவ்வளவுதான்.

போலோத்


கோக்-சாய்
ஆகஸ்ட் 14, 2017

அண்ணா,

நான் சாட்சி சொல்லப் போகிறேன். காரணத்தைக் கேள். உனக்காக மட்டும் இல்லை.

ஜூலை கடைசியில் கீழ் ஊர்க்காரர்கள் மறுபடி ரோட்டுக்கு வந்தார்கள். தொக்தோசுன் என்று ஒருவன், இரண்டு குழந்தைக்குத் தகப்பன், லாரிக்கு முன்னால் படுத்துக்கொண்டான். மூத்தார் இறங்கி வந்து, "எந்திரி, பேசலாம்" என்றார். எழுந்து நின்றவனை அடித்தார். அவனை வண்டிப் பலகையில் போட்டு என்னிடம் தூக்கி வந்தார்கள். முகத்தில் ரத்தத்தைத் துடைத்தபோது எனக்குக் கை நின்றுவிட்டது. இடது பொட்டு. மூன்று வருஷத்துக்கு முன் மிர்லானுக்கு நான் பஞ்சு வைத்து அழுத்திய அதே இடம், அதே நீளம். தொக்தோசுன் சாகவில்லை. வலது பக்கம் விழுந்துவிட்டது. வாயில் எச்சில் ஒழுகுகிறது, பெண்டாட்டி துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.

அன்று நான் வாய் திறந்திருந்தால் இவன் கை கால் விளங்கும். இதிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் தப்பிக்க முடியவில்லை.

சமத்திடம் சொன்னேன். ஒளித்து வைத்துச் செய்ய எனக்கு இஷ்டமில்லை.

"அப்ப நான் திரும்பப் போய்ப் பனி அள்ளணுமா?"

"அள்ளுங்க."

"அங்க எங்கள எப்படிக் கூப்பிடுவாங்க தெரியுமா உனக்கு? தடுப்புச் சுவரு மறைவுல வெச்சு எத்தன தடவ ஒதைச்சாங்க தெரியுமா?"

"தெரியாது. நீங்க சொன்னதில்ல."

அப்போதுதான் அடித்தார். முதலில் கையால், பிறகு பூட்ஸ் காலால். இரண்டு விலா எலும்பு. நானே துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன், கூப்பிட வேறு நர்ஸ் யாரும் இல்லையே. அவர் மூலையில் உட்கார்ந்து அழுதார். எனக்கு அவர் மேல் ஆத்திரம் இல்லை என்றால் பொய். ஆனால் அவர் எதற்குப் பயப்படுகிறார் என்றும் எனக்குத் தெரியும். ஒரு பள்ளத்தாக்கில் ஒரே ஒரு வேலைதான் இருந்தால், அதைக் கொடுக்கிறவன் யாரை வேண்டுமானாலும் அடிக்கலாம்.

ஒத்திகை பார்க்கலாம் என்று அடுப்படியில் தனியாக நின்று அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைகிறது. செப்டம்பருக்குள் வந்துவிடும்.

ஜூரா


சிறை
செப்டம்பர் 9, 2017

ஜூரா,

இது தபாலில் வராது. நாளை விடுதலையாகிற ஒருவன் சட்டைக்குள் தைத்துக்கொண்டு போகிறான். தெற்கே அவன் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் நம் பக்கம் வருவானாம். பதினெட்டுக்குள் உன் கைக்கு வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

கோர்ட்டுக்குப் போகாதே.

உன் விலா எலும்பைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ எனக்காக இவ்வளவையும் இழக்கப் போகிறாய் என்றால், நான் யார் என்று தெரிந்துகொண்டு இழக்க வேண்டும். என் கடிதங்களை எடுத்துப் பார். தெமிர் அடித்தான் என்று எழுதியிருக்கிறேன். நான் அடிக்கவில்லை என்று எங்கேயும் எழுதவில்லை. பொய் எழுதக்கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன், என் யோக்கியதை அவ்வளவுதான்.

தெமிர் அடித்ததும் மிர்லான் குப்புற விழுந்தான். தெமிர் குழாயைப் போட்டுவிட்டுக் கூட்டத்தோடு முகாமைக் கொளுத்த ஓடினான். அவன் பொட்டில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த நீயும் பையைப் போட்டுவிட்டு நெருப்புப் பக்கம் ஓடினாய், அங்கே யாருக்கோ உடம்பு பற்றிக்கொண்டது என்று கத்தினார்கள். நான் குதிரையிடம் நின்றேன். அதற்கு உயிர் போகவில்லை, கண் மட்டும் சுழன்றது. கத்தியால் அதை முடித்துவிட்டுத் திரும்பினால் மிர்லான் அசைகிறான். "அண்ணே, தண்ணி" என்றான். என்னை அண்ணே என்றான். கீழ் ஊர்ப் பையன், வேறு எந்த வேலையும் கிடைக்காமல் கம்பெனிக்குத் துப்பாக்கி தூக்கியவன். குழாயை எடுத்து மூன்று முறை அடித்தேன். பின்மண்டையில். மூன்றாவது அடிக்குப் பிறகு அவன் தண்ணீர் கேட்கவில்லை.

எந்த அடியில் செத்தான் என்று எனக்குத் தெரியாது. தெமிருடைய முதல் அடியிலேயே செத்துக்கொண்டிருந்தான் என்று சில நாள் நினைத்துக்கொள்வேன். சில நாள் அப்படி நினைக்க முடியாது.

நான் உள்ளே இருக்க வேண்டியவன்தான். தெமிர் வெளியே இருப்பது அநியாயம், நான் உள்ளே இருப்பது அநியாயம் இல்லை. நீ வீட்டில் இரு. பிள்ளைகளைப் பார்.

போலோத்


கோக்-சாய்
செப்டம்பர் 21, 2017

அண்ணா,

சொல்லிவிட்டேன்.

கோர்ட்டு நிறைய நம் ஊர்க்காரர்கள். மூத்தார் முதல் வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாமியார். நீதிபதி ஒரு பெண். "முன்னாடி போலோத்னு சொல்லியிருக்கீங்க. அது யாரு?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் எந்த வார்த்தைக்குப் பதிலாக எந்த வார்த்தையைச் சொல்வோம் என்று விளக்கினேன். அவருக்கு உடனே புரிந்தது. அவரும் ஒரு வீட்டு மருமகள்தானே. "இந்தக் கோர்ட்டுல மாமியார் வீடு இல்லம்மா, பேரச் சொல்லுங்க" என்றார்.

சாட்சிக் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். "தெமிர்" என்றேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். "தெமிர். என் புருஷனோட அண்ணன் தெமிர்."

மூத்தார் எழுந்து நின்றார். கோபமே இல்லாமல், "என்னைக் கூப்பிட்டியா, ஜூரா?" என்று கேட்டார். அந்தக் குரலை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாமியார் நேராக வந்து என் தலை முக்காட்டைப் பிடித்து இழுத்தாள். கொண்டை ஊசியோடு முடியும் கொத்தாக வந்தது. அதைத் தரையில் போட்டு மிதித்தாள். எனக்கு முப்பத்தைந்து வயது, பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு ஆண்கள் நடுவில் வெறுந்தலையோடு நின்றேன். காவலர்கள் தெமிரைக் கைவிலங்கு போட்டுக் கூட்டிப் போனார்கள். வெளியே அவருடைய ஆட்கள் வக்கீலம்மாவின் கார்க் கண்ணாடிகளை உடைத்துவிட்டார்கள். ஒரு துண்டு வக்கீலம்மாவின் கன்னத்தில் ஏறிவிட்டது. ரோட்டு ஓரத்தில் உட்கார வைத்து நான்தான் எடுத்தேன்.

உன்னை விடவில்லை. வழக்கை முதலிலிருந்து விசாரிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். உன்னையும் அதற்காகக் கொண்டுவருவார்கள்.

கம்பெனி அடுத்த நாளே வேலையை நிறுத்திவிட்டது. மெஷின்களைத் துணி போட்டுக் கட்டுகிறார்கள். அறுபது ஆண்கள் கடை முன்னால் குந்தியிருந்தார்கள். நேற்று இருபது பேர் ஒரே பஸ்ஸில் ரஷ்யாவுக்குக் கிளம்பினார்கள், சமத்தும் அதில் போனார். போகும்போது என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, பார்க்கவும் இல்லை. பிள்ளைகள் மாமியாரிடம். என்னை வாசலுக்குள் விடமாட்டேன் என்கிறாள். ஜன்னல் வழியாகச் சின்னவள் கையை ஆட்டினாள், யாரோ திரையை இழுத்துவிட்டார்கள். நான் பெரியம்மா வீட்டில், உன் அறையில் இருக்கிறேன். இரண்டு முறை கல் விழுந்தது.

மருந்தகத்துக்கு யாரும் வருவதில்லை. கீழ் ஊரிலிருந்தும் ஒருவர் வந்து நல்லது செய்தாய் என்று சொல்லவில்லை. ஓடை இன்னும் அதே சாம்பல் நிறம்தான்.

ஜூரா


கோக்-சாய்
அக்டோபர் 6, 2017

அண்ணா,

உன் சட்டைக் கடிதம் நேற்றுத்தான் வந்தது. கொண்டுவந்தவன் வழியில் குடித்துப் படுத்துவிட்டானாம், மன்னிப்புக் கேட்டான். இதைப் பெரியம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன், படித்ததும் கிழித்துவிடு.

நீ முன்னொரு தடவை கேட்டாய், எழுதிக்கொண்டதைப் படித்துக் காட்டவில்லையா என்று. பதில் சொல்லாமல் நழுவினேன். படித்துக் காட்டினான். உன் பெயரோடு உன் அப்பா பெயரையும் சேர்த்துத் தெளிவாகப் படித்தான். யாரை எழுதியிருக்கிறான் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

நெருப்புப் பக்கம் நான் ஓடியது உண்மை. பஞ்சு எடுக்கத் திரும்பினேன். பை மிர்லானுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. நீ குழாயோடு நின்றதைப் பார்த்தேன். அவன் தண்ணீர் கேட்டதும் எனக்குக் கேட்டது. நான் கத்தவில்லை. அதிகாரி உன் பெயரைப் படித்தபோது, இது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மையைச் சொன்னால் போதும் என்று இருந்தேன். மீதிப் பாதிதான் தொக்தோசுனைப் படுக்கையில் தள்ளியது.

போன கடிதத்தில் கோர்ட்டைப் பற்றி எல்லாம் எழுதினேன், ஒன்றை விட்டுவிட்டேன். தெமிர் என்று நான் சொன்ன பிறகு நீதிபதி கேட்டார். "அப்ப போலோத் அடிக்கவே இல்லையா?" பெரியம்மா பின் வரிசையில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வக்கீலம்மாவும் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை போதும், நீ இந்நேரம் வீட்டில் இருப்பாய். "அடிச்சாரு" என்றேன். பெரியம்மா இன்னும் எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

உன்னை நாலு நாளில் விசாரணைக்குக் கொண்டுவருகிறார்கள். கேட்பார்கள். நீ மூன்று என்று எழுதியிருக்கிறாய். அன்று உடலைக் கழுவியது நான். இடது பொட்டில் ஒரு காயம், அது தெமிருடையது. பின்மண்டையில் இரண்டு. உன் மூன்றாவது அடி கல்லில் பட்டிருக்கும். பக்கத்துக் கல்லில் வெள்ளையாகச் செதில் பெயர்ந்திருந்ததையும் பார்த்தேன்.

அங்கே போய் மூன்று என்று சொல்லிவிடாதே. இரண்டுதான்.

ஜூரா